பிள்ளையின் பொய்யைப் பிடிப்பதா, உண்மையைச் சொல்ல வழி விடுவதா?

மாலைமதி

அனைவருக்கும் வணக்கம். நேர்மறைக் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசும்போது அடம், உறக்கம், உணவு ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். நான் கேட்க விரும்புவது பொய்யைப் பற்றி.

எங்கள் மகளுக்கு வயது 10. மதிப்பெண் குறைந்த விடைத்தாளைப் புத்தகப் பையின் அடியில் வைத்துவிட்டு, தாளை இன்னும் திருத்தித் தரவில்லை என்கிறாள். வீட்டுப்பாடத்தைத் தொடாமலேயே முடித்துவிட்டதாகச் சொல்கிறாள். மகனுக்கு வயது 14. அவன் பொய் சொல்வதில்லை. எதையும் சொல்வதும் இல்லை. எங்கே போனாய் என்றால் "சும்மா வெளியே", யாருடன் என்றால் "பசங்களோடு", அவ்வளவுதான்.

பொய்க்குத் தண்டனை கடுமையாக இருந்தால்தான் அடுத்த முறை பயம் இருக்கும் என்பது என் கணவரின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால், "சரி, தண்டிக்க வேண்டாம் என்றால் வேறு என்னதான் செய்வது?" என்று அவர் கேட்கும்போது என்னிடம் தெளிவான பதில் இல்லை. அன்பாக எடுத்துச் சொல்லுங்கள் என்ற பொதுவான அறிவுரையால் எங்கள் இருவருக்கும் பயனில்லை. அந்த நேரத்தில் வாயிலிருந்து வர வேண்டிய சொற்கள் எவை, வரக்கூடாதவை எவை என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

நெடுவழி

மகளின் பொய்யையும் மகனின் மௌனத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முதலில் மகளைப் பற்றி எழுதுகிறேன்.

பொய் சொல்லும் திறமை மூளை வளர்ச்சியின் ஒரு பகுதியாகவே வருகிறது. இதை ஆராய்ந்தவர்களில் விக்டோரியா தல்வார், காங் லீ ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் கையாண்ட சோதனை எளிமையானது. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். மறைவான கேமரா பதிவு செய்துகொண்டிருக்கும். சின்னக் குழந்தைகளில் பெரும்பாலோர் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். பார்த்தாயா என்று பிறகு கேட்டால், 3 வயதினரில் கணிசமானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். 4, 5 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். ஆனால், "அது என்ன பொம்மையாக இருக்கும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் சிறியவர்கள் அந்தப் பொம்மையின் பெயரையே சொல்லி மாட்டிக்கொள்வார்கள். தெரியாதது போல நடிக்கும் சாமர்த்தியம் 6, 7 வயது வாக்கில்தான் கைகூடுகிறது. எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது என்று புரிந்துகொள்ளவும், நுனி நாக்கில் நிற்கும் உண்மையை அடக்கிக்கொள்ளவும் மூளை முதிர வேண்டியிருக்கிறது. ஆகவே பத்து வயதுப் பிள்ளை பொய் சொல்கிறாள் என்பதை வைத்து அவளுடைய குணத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். எந்தச் சூழலில் சொல்கிறாள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

வீடுகளில் சொல்லப்படும் பொய்களில் ஒரு பங்கு பெற்றோரின் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. விடைத்தாளை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், இருந்தும் ஒன்றும் அறியாதவர் போல, "கணக்குத் தாள் தந்துவிட்டார்களா?" என்று கேட்கிறீர்கள். கேட்பது தகவலுக்காக அல்ல, அவளைச் சோதிப்பதற்காக. அவளோ, இந்த நொடியைக் கடந்தால் போதும் என்று இல்லை என்கிறாள். இப்போது ஒரு பிரச்சினை இரண்டாகிவிட்டது: மதிப்பெண் ஒன்று, பொய் மற்றொன்று. பிள்ளையைத் தற்காப்புப் பொய்க்குத் தள்ளும் கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று ஹைம் கினாட் என்ற உளவியலர் 1965-இலேயே பெற்றோருக்கு எழுதினார். விடை தெரிந்திருந்தால் தெரியும் என்பதிலிருந்தே தொடங்குங்கள்: "விடைத்தாளைப் பார்த்தேன். மதிப்பெண் குறைந்திருக்கிறது, அதைக் காட்ட உனக்குத் தயக்கமாக இருந்திருக்கிறது. எந்தக் கணக்கில் தடுமாற்றம் என்று உட்கார்ந்து பார்ப்போம்." இந்தப் பேச்சில் பொய்க்கு இடமே இல்லை.

பழைய ஆசிரியர்

நீண்ட காலம் வகுப்பறையில் கழித்தவன் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நெடுவழி அவர்கள் சொன்ன உரையாடலில் தாளை ஒளித்த செயல் எங்கே போயிற்று? தயக்கமாக இருந்திருக்கிறது என்று பெற்றோரே காரணம் கற்பித்துக் கொடுத்து, நேராகக் கணக்குக்குப் போய்விட்டால், ஒளித்தது ஒரு பொருட்டே இல்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளாதா? மேலும், வெளியுலகில் எவரும் இப்படிப் பக்குவமாகக் கேள்வியை அமைத்துக் கேட்கப் போவதில்லை. சங்கடமான கேள்வி நேராக வந்து விழும்போதும் உண்மையைச் சொல்லும் துணிவு வேண்டும் என்றால், அந்தப் பழக்கம் வீட்டில்தானே தொடங்க வேண்டும்? கண்டிப்பு என்றாலே கொடுமை என்று பேசும் இன்றைய போக்கு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நெடுவழி

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஒளித்ததைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் சொல்லாக அது வேண்டாம் என்கிறேன். கணக்கைப் பார்த்து முடித்து, பிள்ளையின் படபடப்பு அடங்கிய பிறகு, "நீ ஒளித்து வைத்தால் எனக்கு உதவ வழியில்லாமல் போகிறது; அடுத்த முறை எவ்வளவு குறைந்தாலும் அன்றைக்கே காட்டிவிடு" என்று சுருக்கமாக, ஒரே ஒரு முறை சொன்னால் போதும்.

தண்டனை உண்மையை வளர்க்கிறதா என்பதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். தல்வாரும் லீயும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் நடந்தது. ஒன்றில் சிறு பிழைக்கும் அடி உண்டு. மற்றதில் கண்டிப்புச் சொல்லும் வெளியே அனுப்புவதும் மட்டும். இரண்டிலும் 3, 4 வயதுக் குழந்தைகளிடம் மேலே சொன்ன பொம்மைச் சோதனையை நடத்தினார்கள். அடி விழும் பள்ளிக் குழந்தைகளே அதிகமாகப் பொய் சொன்னார்கள். அடுத்தடுத்த கேள்விகளிலும் பிடிபடாமல் அந்தப் பொய்யைத் தொடர்ந்து காப்பாற்றும் திறமையும் அவர்களிடமே கூடுதலாக இருந்தது. கடுமை அவர்களைத் தேர்ந்த பொய்யர்களாக்கியிருந்தது.

2015-இல் தல்வார் குழுவினர் 4 முதல் 8 வயது வரையுள்ள 372 குழந்தைகளிடம் இன்னொரு சோதனை செய்தார்கள். பொய் சொன்னால் தண்டனை என்று சிலரிடம் சொல்லப்பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சி என்று சிலரிடமும், உண்மையைச் சொல்வதே சரியானது, சொன்னால் உனக்கே நிறைவாக இருக்கும் என்று வேறு சிலரிடமும் சொல்லப்பட்டது. தண்டனைப் பேச்சு வந்த இடத்தில் உண்மை குறைந்தது; தண்டனை இல்லாத இடத்தில்தான் அந்த நயமான வேண்டுகோள்கள் பலித்தன. அதாவது, "உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு மகிழ்ச்சி, மறைத்தால் தொலைந்தாய்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பின்பாதி முன்பாதியைத் தின்றுவிடுகிறது.

ஆய்வாளர்கள் நீதிக்கதைகளையும் சோதிக்காமல் விட்டுவைக்கவில்லை. ஓநாய் வருகிறது என்று பொய்க் கூச்சலிட்டு ஏமாற்றிய இடையச் சிறுவனின் கதையைக் கேட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட உண்மையாக நடந்துகொள்ளவில்லை. செர்ரி மரத்தை வெட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற சிறுவன் வாஷிங்டனின் (பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபர்) கதை வேலை செய்தது. அதே கதையை மாற்றி, பொய் சொன்னதால் அந்தச் சிறுவன் சங்கடத்துக்கு ஆளானான் என்று சொன்னபோது பலன் மறைந்துவிட்டது. பொய் சொன்னால் என்ன ஆகும் என்று குழந்தைகளுக்கு நாம் ஓயாமல் சொல்லிவருகிறோம்; உண்மை சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கிறது.

இரட்டையர் தந்தை

ஆய்வுகளை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்த்ததற்கும் வீட்டில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை மறக்க வேண்டாம். சோதனையில் கேள்வி கேட்பவர் அதிகம் பழகாதவர், பிடிபட்டால் பெரிய இழப்பும் இல்லை. இங்கே கேட்பவர் நாள் முழுதும் உழைத்துக் களைத்து வந்த அம்மாவோ அப்பாவோ. இதே பொய்யை அவர் முந்தைய வாரமும் கேட்டிருப்பார். நேர்மறைக் குழந்தை வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்கள் பெற்றோரின் களைப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

களைத்த பெற்றோருக்கும் இயலக்கூடியவை என்று இரண்டைச் சொல்வேன்.

கேட்ட அந்த நொடியிலேயே பதில் வந்தாக வேண்டும் என்று நிற்க வேண்டாம். வீட்டுப்பாடம் முடிந்ததா என்ற கேள்விக்கு வரும் "முடிந்துவிட்டது" என்பது பல நேரங்களில் யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயிலிருந்து தானாக வந்து விழும் சொல். சொன்ன பிறகு அதிலிருந்து பின்வாங்க வழி இருக்காது. பின்வாங்கினால் பொய்யன் என்ற பெயர். எனவே, "நீ இப்போது சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மறுபடி கேட்கிறேன், அப்போது சொல்வதுதான் பதில்" என்று நகர்ந்துவிடலாம். அந்த இடைவெளியில் பெரும்பாலும் பிள்ளை எழுதத் தொடங்கிவிடும் அல்லது வந்து சொல்லிவிடும். நமக்கும் கோபம் தணிய நேரம் கிடைக்கிறது. இது ஏமாளித்தனம் என்று சிலர் சொல்வார்கள். பொய்யைத் திருத்திக்கொள்வது எப்படி என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதானே?

மற்றது இதைவிடச் சிக்கலானது. உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டுமா? அப்படிச் செய்யும் வீடுகளில் பிள்ளைகள் விரைவிலேயே கணக்குப் போடக் கற்றுக்கொள்கிறார்கள்: முதலில் செய்துவிடலாம், பிறகு வந்து சொல்லிவிட்டால் தீர்ந்தது. பந்தடித்துப் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு உடனே வந்து சொல்கிற பிள்ளையிடம், "வந்து சொன்னாய், நல்லது" என்றும் சொல்ல வேண்டும். "வா, போய்ச் சொல்லிவிட்டு வருவோம், கண்ணாடிக்கான பணத்தில் உன் சேமிப்பிலிருந்தும் ஒரு பகுதி போகும்" என்றும் சொல்ல வேண்டும். செய்ததைச் சரிசெய்யும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. உண்மை சொன்னதால் நீங்குவது திட்டும் அவமானமும் மட்டும். செயலோடு தொடர்புடைய விளைவு வேறு, பழிவாங்கும் தண்டனை வேறு என்று மனநல மருத்துவர் ருடால்ப் டிரைகர்ஸ் 1960-களிலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். கண்ணாடி உடைந்ததற்கு ஒரு மாதம் விளையாடக் கூடாது என்பது இரண்டாவது வகை. அதற்கும் கண்ணாடிக்கும் தொடர்பே இல்லை.

பழைய ஆசிரியர்

இரட்டையர் தந்தை அவர்களின் கடைசிப் பத்தியை முழுமையாக ஏற்கிறேன். நான் கண்டிப்பு என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். இதைத் தண்டனை இல்லாத முறை என்று அழைப்பதால்தான் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, எதுவும் செய்யாமல் இருப்பதே நல்ல வளர்ப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

நெடுவழி

உண்மைதான் ஐயா. உளவியலர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரின் போக்குகளை வகைப்படுத்தியபோது, அடக்கி ஆள்வதையும் கட்டுப்பாடே இல்லாமல் விடுவதையும் இரு முனைகளாகக் காட்டினார். அவற்றிலிருந்து வேறுபட்டதாக, கனிவும் உறுதியும் சேர்ந்த போக்கு ஒன்றையும் காட்டினார். உறுதி இல்லாத கனிவை அவர் சிறந்ததாகச் சொல்லவே இல்லை.

பெற்றோருக்குப் பிடிக்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசி அடித்தால் "நான் வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையிடம் தருகிறோம். வலிக்கவே வலிக்காது என்று சொல்லி ஊசி போட அழைத்துப் போகிறோம். செல்சி ஹேஸ், லெஸ்லி கார்வர் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த அறையில் மிட்டாய் இருப்பதாகச் சில குழந்தைகளிடம் ஒரு பெரியவர் பொய் சொல்லி அழைத்துவந்தார். 5 வயதிலிருந்து 7 வயது வரையிலான குழந்தைகளில், இப்படி ஏமாற்றப்பட்டவர்களே பின்னர் நடந்த சோதனையில் அதிகம் எட்டிப் பார்த்தார்கள், அதிகம் பொய்யும் சொன்னார்கள். அதைவிடச் சிறியவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. நம் பேச்சை நம்பலாமா என்று பள்ளிப் பருவத்திலேயே அவர்கள் எடைபோடத் தொடங்கிவிடுகிறார்கள்.

வெண்முகில்

மாலைமதி அவர்களின் மகனைப் பற்றி இதுவரை எவரும் எழுதவில்லை. என் பிள்ளைகள் அந்த வயதைக் கடந்தவர்கள் என்பதால் நான் தொடங்குகிறேன்.

பதின்பருவப் பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்பதை அறிந்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் தவறான வழிக்குப் போவது குறைவு என்று பல ஆண்டுகளாகவே ஆய்வுகள் சொல்லிவந்தன. அதைக் கேட்டவர்கள் எல்லாரும், அப்படியானால் கண்காணிப்பைக் கூட்ட வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். சுவீடனில் ஆய்வு செய்த ஹோகன் ஸ்டாடின், மார்கரெட் கெர் இருவரும் 2000-இல் ஒரு மாற்றுக் கேள்வியை எழுப்பினார்கள்: அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தது? 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கேட்டுப் பார்த்ததில், துருவிக் கேட்பதாலும் கட்டுப்படுத்துவதாலும் கிடைத்த தகவலைவிட, பிள்ளை தானாகவே வந்து சொன்னதால் கிடைத்ததே அதிகம் என்று தெரியவந்தது. பெற்றோர் கண்காணிப்பு என்று பெயரிடப்பட்டிருந்தது பெரும்பாலும் பிள்ளையின் விருப்பத்தால் நடந்த ஒன்று.

அப்படியானால் அவன் ஏன் சொல்ல வேண்டும், எப்போது சொல்வான் என்பதுதான் கேள்வி. முதன்மையான காரணம், முன்பு சொன்னவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பது. நண்பன் ஒருவன் சிகரெட் பிடித்ததாக அவன் சொல்லியிருப்பான். அடுத்த நாளே, "அவனோடு சேராதே" என்று உத்தரவு வந்திருக்கும். தேர்வைப் பற்றிய பயத்தைச் சொல்லியிருப்பான். அது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் அறிவுரை சொல்லியிருப்பார்கள். சொன்ன செய்தி தனக்கு எதிராகவே திரும்பும் என்றால் "சும்மா வெளியே" என்ற பதில்தான் அவனுக்குப் பாதுகாப்பு. அவன் சொல்வதைக் கேட்கும்போது உடனே திருத்தாமல் இருப்பதும், வேறு யாரிடமும் சொல்லாமல் இருப்பதும், வேறொரு சண்டையில் அதை எடுத்து வீசாமல் இருப்பதும் கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்வதற்கு மிகக் கடினம். கடைசியது மிக மிகக் கடினம்.

இன்னொன்று, எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு இல்லை என்பதை ஏற்பது. உளவியலர் ஜூடித் ஸ்மெட்டானாவின் ஆய்வுகள் காட்டுவதுபோல், பாதுகாப்பு, பிறருக்குத் தீங்கு ஆகியவற்றில் பெற்றோர் தலையிடுவதைப் பதின்பருவத்தினர் பெரும்பாலும் நியாயம் என்றே கருதுகிறார்கள். உடை, தலைமுடி, நண்பர்களோடு என்ன பேசினேன் என்பவற்றைத் தம் சொந்த விஷயம் என்று கருதுகிறார்கள். இரண்டையும் ஒரே குரலில் விசாரித்தால் இரண்டுமே மறைக்கப்படும். எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய், எப்படி வருவாய் ஆகிய மூன்றையும் மாற்றமில்லாத விதியாக வைத்துக்கொண்டு மற்றவற்றில் கேள்விகளைக் குறைப்பதே நான் பரிந்துரைப்பது.

கைபேசியில் இருப்பிடம் காட்டும் செயலியை அவனுக்குத் தெரியாமல் நிறுவ வேண்டாம். என்றாவது ஒருநாள் அவன் அதைக் கண்டுபிடிப்பான். அன்று பொய்யைப் பற்றி அவனிடம் பேசும் தகுதி நமக்கு இருக்காது.

பழைய ஆசிரியர்

ஒரு ஐயம். தானாக வந்து சொல்கிற பிள்ளை இயல்பிலேயே ஒழுங்கானவனாக இருக்கலாம் அல்லவா? மறைக்க ஏதும் இல்லாதவன் சொல்கிறான், இருப்பவன் சொல்வதில்லை. அப்படியானால், சொல்வதால் பிள்ளை நல்வழியில் நிற்கிறான் என்ற முடிவு தலைகீழானது ஆகாதா?

வெண்முகில்

ஆகக்கூடும். ஒரே காலத்தில் எடுத்த அளவீட்டைக் கொண்டு எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கவும் கூடும். ஆனால் துருவித் துருவிக் கேட்பதால் பெற்றோருக்கு அதிகம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அதனால் மீண்டும் உயிர்பெறுவதில்லை. மறைக்க ஏதோ இருக்கிற பிள்ளை விசாரணையில் சொல்லிவிடப் போகிறானா?

மாலைமதி

எல்லாருக்கும் நன்றி. கணவரும் நானும் சேர்ந்து இவற்றைப் படித்தோம். உடைந்த கண்ணாடி எடுத்துக்காட்டு அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. இடைவெளி கொடுக்கும் யோசனையை மட்டும் அவர் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. மகள் சில நேரம் என்னிடம் வந்து, "சொல்கிறேன், ஆனால் அப்பாவிடம் சொல்லக்கூடாது" என்கிறாள். ஒப்புக்கொண்டால் கணவரிடம் நான் மறைக்க வேண்டியிருக்கிறது. மறுத்தால் அவள் சொல்லாமலே போய்விடுவாள். என்ன செய்வது?

இரட்டையர் தந்தை

வாக்குறுதி கொடுக்காதீர்கள், கேட்பதையும் நிறுத்தாதீர்கள். "கேட்காமல் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அப்பாவுக்குத் தெரிய வேண்டியது என்றால் உனக்குச் சொல்லாமல் நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லலாம், நான் பக்கத்தில் இருப்பேன்" என்று சொல்லலாம். தந்தையிடம் ஏன் சொல்லத் தயங்குகிறாள் என்பதை அவரும் அமைதியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு பெற்றோர் கண்டிப்பவர், மற்றவர் மறைத்துக் காப்பவர் என்று வீட்டில் பாத்திரங்கள் பிரிந்துவிட்டால் பிள்ளை இருவரிடமும் பாதி உண்மையோடுதான் பழகும்.

நெடுவழி

இதோடு ஒன்றைச் சேர்க்காமல் விட மனமில்லை. ரகசியங்களில் ஒரு வகை மிக ஆபத்தானது: வேறொரு பெரியவர் பிள்ளையிடம், "இதை உன் அப்பா அம்மாவிடம் சொல்லாதே" என்று சொல்லி வைப்பது. பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகள் நீண்ட காலம் வாய்திறக்காமல் இருப்பதற்குத் தன்மேல்தான் பழி விழும், தன்னைத்தான் திட்டுவார்கள் என்ற அச்சம் ஒரு பெரிய காரணம். விடைத்தாளுக்காகக் கத்திய வீட்டில், அதைவிடப் பெரியதைக் கொண்டுவர அந்தப் பிள்ளைக்குத் துணிவு வராது. பிறந்தநாள் பரிசுபோலச் சில நாளில் எல்லாருக்கும் தெரியப்போகிற ரகசியத்தை வைத்திருக்கலாம். எப்போதுமே சொல்லக்கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை உடனே வந்து சொல்ல வேண்டும், சொன்னதற்காக உன்மேல் கோபம் வராது என்று இரண்டு பிள்ளைகளிடமும் தனித்தனியே சொல்லிவையுங்கள். மகனுக்கு 14 வயதாகிவிட்டது, அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட வேண்டாம்.

பொய்யோடு திருட்டு, பிறரைத் துன்புறுத்துவது, பள்ளிக்குப் போகாமல் இருப்பது போன்றவையும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் குழந்தைகள் மனநல நிபுணரைப் பார்ப்பது அவசியம். நீங்கள் எழுதியவற்றில் அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் எனக்குத் தென்படவில்லை.